படை நின்ற இடத்தில் பூங்கா!

பாலக்காடு நகரின் நடுவில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். தரகர் சொல்லும் தொகையில் ஒரு குமாஸ்தாவின் பல வருடச் சம்பளம் அடங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில், புல்லும் மரமும் தண்ணீருமாக ஒரு பெரிய வெளி கிடக்கிறது. அதில் வீடு இல்லை. கடைவீதி இல்லை. லாட்ஜ் இல்லை. கல்யாண மண்டபம் இல்லை!

நடுவே கருங்கல் கோட்டை. கோட்டையைச் சுற்றி அகழி. அகழியின் கரையில் நடைபாதை. அதற்கு அப்பால் பூங்கா. பூங்காவை அடுத்து, மலையாளிகள் "கோட்டமைதானம்" என்றும், நம்மவர்கள் கோட்டை மைதானம் என்றும் சொல்லும் பெரிய திடல்.

இவ்வளவு இடம் எப்படித் தப்பியது? தாராள மனம் படைத்த தனவந்தர் யாரோ ஊருக்குத் தானம் செய்தார் என்று நினைக்க வேண்டாம். எதிர்காலத்தை எண்ணி நகரசபை ஒதுக்கி வைத்த நிலமும் அல்ல. பாலக்காட்டுக்கு நகரசபை வந்தது 1866-ல். அதற்கு சரியாக நூறு ஆண்டுகள் முன்பே இந்த இடத்தின் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர்கள் பட்டாளத்துக்காரர்கள்!

கணவாயும் கோட்டையும்

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட மதில் போல நிற்கிறது. அந்த மதிலில் உள்ள பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையே முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. கோவையிலிருந்து வாளையாறு வழியாக வருகிறவருக்கு, மலையைத் தாண்டினோம் என்ற நினைப்பே வராது. மதுக்கரை தாண்டினார், கஞ்சிக்கோடு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

காற்றுக்கும் இதுதான் வழி. வியாபாரிக்கும் இதுதான் வழி. பிழைப்பு தேடி வரும் தொழிலாளிக்கும் இதுதான் வழி. படைக்கும் இதுவேதான் வழி! மலபாரைப் பிடிக்க நினைத்தவன் இந்த வாசலைப் பிடிக்க வேண்டும். கொங்கு நாட்டுக்குள் மேற்கிலிருந்து நுழைய நினைத்தவனுக்கும் அதே கதை.

பாலக்காட்டை ஆண்டவர்களுக்கு "அச்சன்" என்று பட்டம். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படை 1757-ல் நெருங்கியபோது, பாலக்காட்டு அச்சன் உதவி கேட்டு ஆள் அனுப்பினார். யாரிடம்? மைசூர்ப் படைத்தலைவராக வளர்ந்து கொண்டிருந்த ஐதர் அலியிடம். உதவி வந்தது. ஆனால், உதவிக்கு வந்தவர்கள் பிறகு ஊரை விட்டுப் போகவில்லை. 1766-ல் மலபார் மீது பெரும் படையெடுத்து வந்த ஐதர், இப்போது நாம் பார்க்கும் கோட்டையை எழுப்பினார்.

ஊர் முழுவதும் இதை "திப்பு கோட்டை" என்றுதான் சொல்கிறது. கட்டியவர் தகப்பனார், பெயர் வாங்கிக் கொண்டவர் மகன்!

அதன் பிறகு கால் நூற்றாண்டு காலம் இந்தக் கோட்டை பந்தாடப்பட்டது. 1768-ல் கர்னல் வுட் என்ற ஆங்கிலத் தளபதி இதைப் பிடித்தார். சில மாதங்களில் ஐதர் மீட்டுக் கொண்டார். 1783-ல், தாராபுரத்தைப் பிடித்திருந்த கர்னல் புல்லர்ட்டன் இந்தப் பக்கம் திரும்பினார். கோட்டை மறுபடியும் வெள்ளையர் வசமாயிற்று. அடுத்த வருடமே விட்டுவிட்டுப் போனார்கள். கடைசியாக 1790-ல் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்ததுதான் நிலைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கி நடந்த போருக்கு இந்தக் கோட்டை ஒரு தளமாக இருந்தது.

தாராபுரம், கோவை, பாலக்காடு எல்லாம் அன்று ஒரே சதுரங்கப் பலகையின் கட்டங்கள். இன்று அதே பாதையில் சாப்பாட்டுத் தூக்கோடு பஸ் ஏறி வருகிறவர்களுக்கு, இது ஒரு காலத்தில் பீரங்கி வண்டிகள் வந்த வழி என்று தோன்றுமா?

ஏன் வெறும் வெளி?

கோட்டை கட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினார்கள். மதிலுக்கு வெளியே, பார்வைக்கு எட்டிய தூரம் வரை, எதிரி ஒளிந்து கொள்ள இடம் இருக்கக்கூடாது. ஒரு வீடு இருந்தால் போதும். அதன் சுவருக்குப் பின்னால் நின்று எதிரி சுடுவான். ஆகவே வீடு கூடாது, தோப்பு கூடாது. வெட்டவெளியாகக் கிடக்க வேண்டும்.

சென்னையில் இந்தப் பாடத்தை வெள்ளையர்கள் அடிபட்டுக் கற்றார்கள். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 கடைசியில் வந்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியிருந்த ஊர்தான் அவர் படைக்கு மறைவாக உதவியது. முற்றுகை நீங்கியதும் முதல் வேலையாக அந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். "இந்தக் கோட்டுக்கு உள்ளே யாரும் கட்டக்கூடாது" என்று 1773-ல் ஆறு எல்லைத் தூண்களை நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. அந்த வெட்டவெளியில்தான் பிறகு 1892-ல் ஐகோர்ட்டு எழுந்தது.

கல்கத்தாவின் நடுவே உள்ள பிரம்மாண்டமான மைதானமும் இப்படிப் பிறந்ததுதான். வில்லியம் கோட்டையைப் புதிதாகக் கட்டியபோது, சுற்றிலும் இருந்த காட்டை வெட்டி வெளியாக்கினார்கள். இன்று அங்கே கல்கத்தாவின் ஏழை, பணக்காரன் எல்லாரும் கால்பந்து ஆடுகிறார்கள்.

பாலக்காட்டுக் கோட்டைக்கும் படைக்கு உரிய வெளி இருந்தது. கோட்டைக்கு எதிரே யானைகளையும் குதிரைகளையும் கட்டும் லாயங்கள் இருந்தன. லாயத்துக்கும் கோட்டைக்கும் நடுவே கிடந்த திடல்தான் இன்றைய கோட்டை மைதானம்.

கோயம்புத்தூரிலும் ஒரு கோட்டை இருந்தது. அதன் கதியைப் பாருங்கள். கோட்டையும் இல்லை, வெளியும் இல்லை. "கோட்டைமேடு" என்ற பெயர் மட்டும் மிச்சம். பாலக்காட்டில் கோட்டை நின்றதால் வெளியும் நின்றது.

தோட்டக்காரர் ஐதர்

ஒரு விசித்திரத்தை இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கோட்டையை எழுப்பிய ஐதர் அலி வெறும் படைவீரர் அல்ல, பூச்செடிப் பித்தரும்கூட. பாலக்காட்டுக்கு வருவதற்கு ஆறு வருடம் முன்பு, 1760-ல், பெங்களூரில் ஒரு தோட்டம் போட ஆரம்பித்தார். அதுதான் லால்பாக்! மகன் திப்பு வெளிநாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் வரவழைத்து அதை வளர்த்தார். வெள்ளையர்கள் கண்ணாடி மாளிகை கட்டினார்கள். இன்று 240 ஏக்கர் பரப்புள்ள லால்பாக் இல்லாத பெங்களூரை நினைத்துப் பார்க்க முடியாது.

பாலக்காட்டில் ஐதருக்குத் தோட்டம் போட நேரம் இருக்கவில்லை. அகழியும் கொத்தளமும் கட்டிவிட்டுப் போனார். தோட்டம் வர இரு நூற்றாண்டு ஆயிற்று.

பீரங்கி போன பின்பு

திப்பு மறைந்த பிறகு இந்தக் கோட்டைக்குப் போர் வேலை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு சிறு பட்டாளம் இருந்தது. பிறகு தாலுகா ஆபீஸ் வந்தது. நெடுங்காலம் கோட்டைக்குள்ளேயே சிறைச்சாலையும் இருந்தது. பீரங்கிகளைப் பார்த்த மதில்கள், பட்டா மாறுதலுக்குக் காத்திருந்த விவசாயிகளையும், வாய்தாவுக்குப் போய்வந்த கைதிகளையும் பார்த்தன.

அகழியைக் கடக்க முன்பு தூக்குப் பாலம் இருந்தது. இப்போது நிலையான பாலம். அதைத் தாண்டி உள்ளே போனால் ஆஞ்சநேயர் கோவில். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு பங்கு என்றால், ஆஞ்சநேயருக்கு வடை மாலை சாத்த வருகிறவர்களும் ஒரு பங்கு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கும்பிடு போட்ட பிறகே பலர் புல்தரைப் பக்கம் போகிறார்கள்.

கோட்டையின் உட்பக்கம் இப்போது மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகா பராமரிப்பில் இருக்கிறது. திருச்சூரில் உள்ள அலுவலகம் மேற்பார்வை பார்க்கிறது. புல்லை வெட்டி, நடைபாதைகளை ஒழுங்கு செய்து, அழகாக வைத்திருக்கிறார்கள். மதிலின் மேலே நின்றால் அகழித் தண்ணீரும் மரங்களின் தலையும் தெரிகின்றன. சித்திரை வெயிலில் அந்தக் கருங்கல் மேல் கை வைத்துப் பாருங்கள், தெரியும்! பாலக்காட்டு வெயில் சாமானியமானது அல்ல. 40 டிகிரியைத் தாண்டும் நாள்களும் உண்டு. மார்கழி, தை மாதங்களிலோ கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடித்துக் கொண்டே இருக்கும். உதடு வெடிக்கும், புல் கருகும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மர நிழலும், பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரும் இருப்பது என்பது அலங்கார விஷயம் அல்ல.

கோட்டையை ஒட்டி வெளியே அமைந்திருப்பது "வாடிகா" பூங்கா. அதோடு சேர்ந்தது "சிலாவாடிகா". பெயரைக் கேட்டதும் புரிந்திருக்கும்: கல் சிற்பங்கள் வைத்த தோட்டம். குழந்தைகள் விளையாட ஊஞ்சலும் சறுக்கு மரமும் உண்டு. மைதானத்தின் ஒரு பக்கம் திறந்தவெளி அரங்கு ஒன்று இருக்கிறது. "ராப்பாடி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரவில் பாடும் பறவை என்று அர்த்தம். வைத்தவருக்கு நல்ல காது!

மைதானத்தில் நடக்காத காரியம் இல்லை. கிரிக்கெட் இங்கே பழைய கதை. ரஞ்சிக் கோப்பை ஆட்டங்கள்கூட நடந்திருக்கின்றன. பொருட்காட்சி வரும். எல்லாக் கட்சிக்காரர்களும் பொதுக்கூட்டம் போடுவார்கள். ஊரின் பெரிய ஊர்வலங்கள் எங்கே சுற்றினாலும், மைக் கட்டுவதற்கு இங்கேதான் வந்து சேரும்.

கிரிக்கெட் என்றதும் இன்னொரு விஷயம். பாலக்காட்டில் "அஞ்சு விளக்கு" என்றால் தெரியாதவர் இல்லை. ஐந்து விளக்குகள் கொண்ட அந்தத் தூண் யார் நினைவாக நிற்கிறது தெரியுமா? ரத்தினவேலு செட்டியார் என்ற தமிழரின் நினைவாக! வெள்ளையர்களே நிறைந்திருந்த காலத்தில் ஐ.சி.எஸ். தேறியவர், கிரிக்கெட் ஆட்டக்காரரும்கூட. இங்கே அதிகாரியாக இருந்தபோது 1881-ல், மிக இளம் வயதில், காலமானார். அஞ்சு விளக்கைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிற தமிழர்கள் பலருக்கே இது தெரியாது.

யாருக்கு இந்தப் பூங்கா?

சொந்த வீடும், வாசலில் ஒரு மாமரமும் உள்ளவருக்குப் பூங்கா ஒரு பொழுதுபோக்கு. வாடகை அறையில் நான்கு பேராகத் தங்கியிருப்பவருக்கு அப்படி அல்ல.

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், ஜவுளிக்கடைச் சிப்பந்திகள், கட்டட வேலைக்கு வந்திருக்கும் கொத்தனார்கள், சித்தாள்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள்... இவர்களுடைய அறையில் மின்விசிறி ஒன்று, ஜன்னல் ஒன்று, கட்டில் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அறையில் உட்கார முடியுமா? ஓட்டலில் உட்கார்ந்தால் டீக்குக் காசு. சினிமாவுக்குப் போனால் டிக்கெட்டுக்குக் காசு. ஊரிலிருந்து மனைவி, மக்கள் பார்க்க வந்துவிட்டால் சங்கடம் இன்னும் அதிகம். மற்ற மூவரும் அறையைக் காலி செய்துவிட்டு எங்காவது போக வேண்டும், அல்லது குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இவர் வெளியே போக வேண்டும். எங்கே போவது?

கோட்டை மைதானத்துக்குத்தான்! அகழிக் கரையில் பொட்டலம் பிரித்துச் சாப்பிடும் குடும்பங்களில் தமிழ் கேட்கும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வந்தவர்களின் தமிழ் ஒரு மாதிரி. கல்பாத்தி அக்ரகாரத்துத் தமிழ் வேறு மாதிரி. மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர்களின் தமிழ் இன்னொரு மாதிரி. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசும் குழந்தைகளும் உண்டு. அவர்கள் சறுக்கு மரத்தில் முறைக்குச் சண்டை போடுவது இரண்டு பாஷையிலும் நடக்கும்!

காலையில் வேறு கூட்டம். விடியுமுன்பே அகழியைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். டாக்டர் சொல்லி நடப்பவர்கள், டாக்டரிடம் போகக்கூடாது என்று நடப்பவர்கள், நடப்பதற்கு வந்து பேசிக்கொண்டே நிற்பவர்கள்! ஓய்வு பெற்ற தாசில்தாரும் ஆட்டோ டிரைவரும் ஒரே பாதையில், ஒரே திசையில் சுற்றுகிற இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

மலம்புழாவில் போட்ட தோட்டம்

"பாலக்காட்டில் பூங்கா என்றால் மலம்புழா அல்லவா?" என்று கேட்பீர்கள். உண்மைதான். கோட்டையிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். ஆனால் இரண்டும் வெவ்வேறு ஜாதி. கோட்டைப் பூங்கா தானாகக் கிடந்த வெளியில் வந்தது. மலம்புழா, திட்டம் போட்டு உண்டாக்கியது.

அணையைக் கட்ட ஆரம்பித்தது 1949-ல். அப்போது மலபார், சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஜில்லா. 1955 அக்டோபர் 9-ந் தேதி அணையைத் திறந்து வைத்தவர், அன்றைய சென்னை முதல் மந்திரி காமராஜ். அடுத்த வருடம் நவம்பர் முதல் தேதி கேரள ராஜ்யம் பிறந்தது. மலம்புழா அந்தப் பக்கம் போயிற்று. ஆகவே பாலக்காட்டு வயல்களுக்குப் பாயும் தண்ணீர், சென்னை சர்க்கார் சீதனமாகக் கொடுத்து அனுப்பியது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அணைக்கு முன்னால் மைசூர் பிருந்தாவனம் மாதிரி பூந்தோட்டமும் நீரூற்றுகளும் அமைத்தார்கள். அங்கே 1969-ல் எழுந்தது "யட்சி" சிலை. செய்தவர் கானாயி குஞ்ஞிராமன். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். முப்பது அடி உயரத்தில், ஆடையில்லாமல், கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுருவத்தைப் பார்த்து அன்று ஊரே இரண்டு பட்டது. இன்று அதன் முன்னால் நின்று குடும்பத்தோடு போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள்.

மலம்புழாவில் குமாஸ்தாக்கள் அவசியம் பார்க்க வேண்டியது யட்சி அல்ல. அங்குள்ள பாறைத் தோட்டம். 1996-ல் இதை அமைத்துக் கொடுத்தவர் நேக் சந்த். அவர் யார்?

சண்டிகார் பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்த ஒரு சாதாரண உத்தியோகஸ்தர். தேசப் பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். புது நகரம் கட்டுவதற்காகப் பழைய கிராமங்களை இடித்தபோது, குப்பையாகக் கொட்டப்பட்ட உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டு எல்லாவற்றையும் சைக்கிளில் பொறுக்கிக் கொண்டு வந்தார். நகரத்து ஓரத்தில், யாரும் கட்டடம் கட்டக்கூடாது என்று சர்க்கார் ஒதுக்கிய காட்டில், ஆபீஸ் நேரம் போக மற்ற நேரத்தில், யாருக்கும் தெரியாமல், பொம்மைகளும் சுவர்களும் அருவிகளும் அமைத்தார். பல வருடங்கள்! மேலதிகாரிகள் 1970-களில் கண்டுபிடித்தபோது, சட்டப்படி பார்த்தால் ஆக்கிரமிப்பு, இடித்திருக்க வேண்டும். ஜனங்கள் விடவில்லை. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேக் சந்துக்கு அந்தத் தோட்டத்தையே உத்தியோகமாக்கி, ஐம்பது தொழிலாளர்களையும் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட மனிதரின் கைவண்ணம் கேரளத்தில், அதுவும் நம் பாலக்காட்டுப் பக்கத்தில் இருக்கிறது. 2015-ல் அவர் காலமானார்.

ஆனாலும் மலம்புழாவுக்குப் போவது என்றால் ஒரு நாள் வேலை. பஸ் செலவு, நுழைவுச் சீட்டு, குழந்தைக்கு ஐஸ்கிரீம் என்று கணக்கு ஏறும். வருடத்துக்கு ஒருமுறை உறவினர் வந்தால் போகலாம். தினசரி மாலைக்கு மலம்புழா உதவாது. அதற்கு ஊருக்குள் நடந்து போகிற தூரத்தில் இடம் வேண்டும்.

பெயர் மட்டும் மிஞ்சிய பூங்கா

ஊருக்குள் இருக்கும் வெளி எத்தனை நாள் வெளியாக இருக்கும்? இதற்குச் சென்னையில் ஒரு சாட்சி உண்டு. பாலக்காட்டிலிருந்து ரெயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கிய ஒவ்வொருவரும் அந்த சாட்சியைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

சென்ட்ரலுக்கு எதிரே உள்ள மின்சார ரெயில் நிலையத்தின் பெயர் "பார்க்". அந்த வட்டாரத்தின் பெயர் "பார்க் டவுன்". பார்க் எங்கே? வந்தவர்கள் தேடிப் பார்த்திருக்கலாம், கிடைத்திராது.

இருந்தது. 1859-ல் சென்னைக் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவிலியன், நெரிசலில் தவித்த பட்டணத்து ஜனங்கள் காற்று வாங்க வேண்டும் என்று 116 ஏக்கரில் அமைத்த "பீப்பிள்ஸ் பார்க்". குளங்கள், பாதைகள், மிருகக்காட்சிசாலை எல்லாம் இருந்தன. அதன் ஓர் ஓரத்தில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது. நல்ல காரியம்தானே என்று யாரும் ஆட்சேபிக்கவில்லை. 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. அதுவும் ஜனங்களுக்குத்தான். 1913-ல் நகரசபைக்கென்று ரிப்பன் கட்டடம். பிறகு விளையாட்டு அரங்கு. மிருகங்கள் வண்டலூருக்குப் போயின. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்து போனது. அந்த இடத்திலும் பூங்கா திரும்பி வரவில்லை, புறநகர் ரெயில் நிலையம் வந்தது. மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு மட்டும் தப்பியது.

இதில் கவனிக்க வேண்டியது, 116 ஏக்கரை எந்த வில்லனும் விழுங்கவில்லை என்பதுதான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது. மண்டபம் வேண்டாமா? மார்க்கெட் வேண்டாமா? நகரசபைக்கு ஆபீஸ் வேண்டாமா? வேண்டும்தான். ஒவ்வொரு முறையும், "இவ்வளவு இடம் சும்மாத்தானே கிடக்கிறது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். மரத்தடியில் படுத்திருந்தவனைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவனுக்கு அங்கே பட்டா இல்லையே!

பாலக்காட்டிலும் ஊர் வளர்ந்து கொண்டுதான் இருக்கிறது. கார் நிறுத்த இடம் இல்லை, கட்டடத்துக்கு இடம் இல்லை என்ற பேச்சு எந்த ஊருக்குத்தான் இல்லை? அப்படிப் பேசுகிறவர்களின் கண் முதலில் போவது, சும்மா கிடக்கும் மைதானத்தின் மேல்தான்.

இங்கே காவலாக நிற்பது சட்டம். கோட்டை, மத்திய சர்க்காரின் பாதுகாப்பில் உள்ள புராதனச் சின்னம். 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, இப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு, முன் அனுமதி இல்லாமல் கட்டக்கூடாது. ஆக, பீரங்கிக்காக ஐதர் காலத்தில் விட்ட வெளியை, இப்போது காகிதத்தில் எழுதிய 100 மீட்டர் காக்கிறது. கோட்டை இல்லையென்றால் அந்தச் சட்டத்துக்கு இங்கே வேலை இல்லை. கோட்டையைப் பார்க்க ஆர்வம் இல்லாமல் வெறுமே காற்று வாங்க வருகிறவரும், அந்தக் கருங்கல் மதிலுக்குக் கடன்பட்டவர்தான்.

சட்டம் கட்டடத்தைத் தடுக்கும், குப்பையைத் தடுக்காது. பொதுக்கூட்டம், பொருட்காட்சி முடிந்த மறுநாள் மைதானத்தைப் பார்த்தால் இது விளங்கும். காகிதக் குவளை, பிளாஸ்டிக் பை, குச்சி நட்ட குழிகள்... அகழித் தண்ணீரில் மிதப்பவற்றில் பாதி, நாம் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தவை. தமிழில் பேசிக்கொண்டே எறிந்தவையும் அதில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூணாறு, குமுளிப் பக்கத்திலிருந்து

இடுக்கி ஜில்லாவில் இருக்கும் தமிழர்களுக்கு இந்த விஷயம் வேறு விதமாகப் படலாம். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. தேயிலை மலையே ஒரு பூங்கா மாதிரிதான் தெரிகிறது. வெளியூர்க்காரர்கள் பணம் செலவழித்து வந்து பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பச்சையில் கொழுந்து கிள்ளுகிறவர் உட்கார இடம் எது? செடிக்கும் செடிக்கும் நடுவே நிற்கலாம். நின்றால் அது வேலை. மலையெல்லாம் எஸ்டேட், லயத்து வாசல் பத்தடி. பச்சைக்கு நடுவே வாழ்கிறவருக்கும் பொது இடம் என்று ஒன்று தேவைதான். பாலக்காட்டுக்கு வரும்போது, அது எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

மூணாறு, தேவிகுளம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டை. அங்கிருந்து பொள்ளாச்சி, பிறகு பாலக்காடு. குமுளி, பீர்மேட்டுப் பக்கத்தவர்கள் தேனி, திண்டுக்கல் வந்துவிட்டால், பழனி, பொள்ளாச்சி வழியாக ரெயில் பாதை இருக்கிறது. வெகு நாள் மீட்டர் கேஜாக இருந்த பாதை. அகலப் பாதையாக மாற்றியதில் பொள்ளாச்சி - பாலக்காடு பகுதி 2015-ல் மறுபடியும் திறந்தது. ஜங்ஷனில் இறங்கினால் ஒலவக்கோடு. அங்கிருந்து ஊருக்குள் வர பஸ் பிடிக்க வேண்டும். பாலக்காடு டவுன் நிலையத்தில் நிற்கும் வண்டியானால் அலைச்சல் குறைவு.

நவம்பர் மாதம் வருவதானால், கல்பாத்தி விசுவநாத சுவாமி கோவில் தேரோடும் நாளைப் பார்த்து வருவது நல்லது. அக்ரகாரத் தெருக்களில் தேர் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்கு வரலாம். நல்ல வெயிலில் கோட்டைக்குள் போய் மதிலைச் சுற்றுவது வீண் பிரயாசை. காலை ஒன்பது மணிக்குள், அல்லது மாலை நான்கு மணிக்குப் பிறகு போக வேண்டும். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். பாலத்தைத் தாண்டி ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டு இடப் பக்கமோ வலப் பக்கமோ திரும்பலாம். எந்தப் பக்கம் போனாலும் மதிலோடு சுற்றிக்கொண்டு திரும்பவும் அவரிடமே வந்து சேருவீர்கள்.